மாட்டு டாக்டருக்கு அனுப்பின வீடியோ

இல்லீங்க தம்பி, மேல வெக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். கனமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, ஒரு ஹார்ட் டிஸ்க்குதான். துண்டுல சுத்தி வெச்சிருக்கறேன். மேல வெச்சா இந்த பஸ்காரரு போடற பிரேக்குக்கு எங்காச்சும் இடிச்சுக்கும். இடிச்சா என்ன இப்போ, உள்ள ஒண்ணும் இல்லேன்னு கடைக்காரரு சொல்லிட்டாரு. இருந்தாலும் மடியிலயே இருக்கட்டும்.

நீங்க கரூரா? நான் வெள்ளகோவில். அப்போ நான் எறங்கறவரைக்கும் ஒட்டுக்காத்தான் போறோம். காலேஜ் வாத்தியாருங்களா? இல்ல, பேக்குல புஸ்தகம் தெரிஞ்சுது, அதான் கேட்டேன். நல்லதாப் போச்சுங்க. இங்கிலீஷெல்லாம் நல்லாப் பேசுவீங்க. என்ற வீட்டுக்காரியும் இங்கிலீஷ் நல்லாப் பேசுவா. நர்சரி ஸ்கூல்ல டீச்சரா இருந்தவ.

இந்த டிஸ்க்கை ஊர்ல இருக்கற கடையிலயெல்லாம் காட்டியாச்சு. கோயம்புத்தூர்ல ஒருத்தரு அழிஞ்சதைக்கூட எடுத்துக் குடுப்பாருன்னு சொன்னாங்க, அதான் வந்தேன். அவரு கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்துட்டு, “அண்ணா, அழிச்சதோட விட்டிருந்தா எடுத்திருக்கலாம். நீங்க அழிச்ச எடத்துலயே மறுக்கா மறுக்கா எழுதியிருக்கறீங்க. இனி யாராலயும் ஆகாது”ன்னுட்டாரு. நான் என்னங்க பண்ணட்டும்? எங்க வேலை அப்படி. எடுத்ததை வெட்டோணும், வெட்டினதை அனுப்போணும், மிச்சத்தை அழிக்கோணும். அழிக்காட்டி அடுத்ததுக்கு எடம் ஏது?

என்ன வேலைன்னு கேக்கறீங்களா? மிக்சிங்குங்க. கல்யாண வீடியோவுக்கு வெட்டி ஒட்டிப் பாட்டுப் போடறது. வெள்ளகோவில், முத்தூர், மூலனூர், எங்க கல்யாணம்னாலும் நாச்சிமுத்து மிக்சிங்தான் வேணும்பாங்க. மாப்பிள்ளை கொட்டாவி விட்டிருப்பான், மாமியார்க்காரி மொகத்தைத் தூக்கி வெச்சிருப்பா, ஒண்ணும் தெரியாது. அப்படி வெட்டுவேன். முகூர்த்தம் இல்லாத மாசத்துக்கு வேணுமேன்னு ஆன்லைன்ல வெளிநாட்டு வேலை தேட ஆரம்பிச்சேன். அங்க டாக்டரு, வீடு விக்கறவங்க, ரொட்டி சுடறவங்க, எல்லாரும் வீடியோ போடறாங்க. அவங்களுக்கும் வெட்டி ஒட்ட ஆள் வேணுமில்லீங்களா?

ஆனா எழுதி எழுதி அனுப்பினா ஒருத்தரும் திரும்பிப் பாக்கலீங்க. அப்போ தொழில்ல இருக்கற ஒருத்தரு சொன்னாரு: “எழுதாதீங்க. மொகத்தைக் காட்டிப் பேசி அனுப்புங்க. ஊருக்கெல்லாம் ஒண்ணை அனுப்பக்கூடாது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாப் பேசோணும். மொதல்ல அவங்க பேரைச் சொல்லோணும். அப்பறம் அவங்களைப் பத்தி நீங்க பாத்ததுல ஒண்ணைச் சொல்லோணும். அப்பறந்தான் நமக்கு என்ன வேணும்னு சொல்லோணும்.” இதான் மொறையாம்.

எனக்கு கேமராவுக்கு முன்னாடி நிக்க வராதுங்க. இங்கிலீஷும் குட்மார்னிங்கோட சரி. “ஏம்புள்ள, நீ பேசு”ன்னேன். அவ மாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் உக்கார வெச்சேன்.

உக்கார வெச்சா, தம்பி, என்னமாப் பேசினாங்கறீங்க! வெளிநாட்டுக்காரங்க பதில் மேல பதில் போட்டாங்க. அவளுக்கு ஆளுகளைக் கவனிக்கற புத்தி. ஒருத்தருக்குப் பேசறதுக்கு முன்னாடி அவரு போட்ட வீடியோ அத்தனையும் உக்காந்து பாப்பா. “இவருக்கு சட்டையில பட்டன் மாறியிருக்குதுங்க, வீட்டுல யாரும் இல்லையாட்ட இருக்குது”ம்பா. “இந்தம்மா பேசறப்ப அடிக்கடி சன்னலைப் பாக்குது, யாரோ வரோணும்னு பாத்துட்டு இருக்குது”ம்பா. எனக்கு அதெல்லாம் கண்ணுலயே படாது. எனக்கு வெளிச்சம் சரியா, சத்தம் சரியா, அவ்வளவுதான்.

சத்தம்னதும் சொல்றேன், எங்க பக்கத்து வீடு தறிக்குடோன். பகல் பூரா தடதடதடன்னு ஓடும். மத்தியானம் சாப்பாட்டுக்கு நிறுத்துவாங்க பாருங்க, அந்த நேரத்துலதான் நாங்க எடுக்கறது. ஊரே சாப்புடற நேரத்துல அவ தலை சீவி, பவுடர் போட்டு உக்காந்து ஹலோ டேனியல், ஹலோ மிஸஸ் வுட்டுன்னு பேசுவா. அப்பறந்தான் சாப்பாடு. பசிக்குதுன்னு ஒரு நாள் சொன்னதில்ல. நானும் அவளை ஒரு நாள் ஒரு சொல்லு சொன்னதில்லீங்க.

ஒண்ணே ஒண்ணுதான் சிக்கல். “என் கணவர் நாச்சிமுத்துதான் இந்த வேலையைச் செய்வார்”னு இங்கிலீஷ்ல சொல்லோணும். அதுல ‘மை ஹஸ்பண்ட்’ வரைக்கும் சுளுவா வந்துருவா. பேரு வரோணும்ல, அங்க நின்னுருவா. எங்க பக்கம் பொம்பளைங்க வீட்டுக்காரன் பேரைச் சொல்ல மாட்டாங்க தம்பி. ஏனுங்கன்னுதான் கூப்புடறது. வெள்ளைக்காரங்ககிட்டச் சொல்றதுக்குக்கூட அவளுக்கு வாய் வரல. சேலை முந்தானையில மொகத்தை மூடிட்டுச் சிரிப்பா. “டீச்சரம்மாவுக்கு இதென்ன வெக்கம்”னா, “ஸ்கூல்ல உங்க பேரையா பாடம் நடத்தினேன்”ம்பா. தறி ஓட ஆரம்பிச்சுருமேன்னு எனக்குத் தவிப்பு. கடைசியில பேரே வேண்டாம், ‘மை எடிட்டர்’னு சொல்லிருன்னுட்டேன். அதுக்கப்பறம் எல்லா வீடியோவுலயும் நான் எடிட்டர்தான்.

வெட்டற வேலையைப் பத்தி உங்களுக்குச் சொல்லோணும். நாம பேசினா கம்ப்யூட்டர்ல அது மேடும் பள்ளமுமாத் தெரியும். பேச்சு பெரிய மேடு. மூச்சு விட்டா சின்னப் புடைப்பு. அந்தப் புடைப்பைப் புடிச்சு வெட்டி எடுத்துட்டுப் பேச்சோட பேச்சை ஒட்டிட்டா, மடமடன்னு தண்ணியாட்டப் போகும். அவ வந்து உக்காந்து முந்தானையைச் சரி பண்றது, தொண்டையைச் செருமறது, அதெல்லாம் முன்னாடி வெட்டிருவேன். பேசி முடிச்சுட்டு என்னைய நிமிந்து பாத்து, “ஏனுங்க, சரியா வந்துச்சுங்களா?”ன்னு கேப்பா. அது தமிழ்ல இருக்கும், வெள்ளைக்காரங்களுக்கு எதுக்கு? அதைப் பின்னாடி வெட்டிருவேன். ஒவ்வொரு வாட்டியும் கேப்பா. ஒவ்வொரு வாட்டியும் வெட்டிருவேன்.

மொதல்ல அவளுக்கு வெட்டறதுக்கு அவ்வளவா வேலை இருக்காதுங்க. போகப் போகத்தான் ரெண்டு வார்த்தைக்கு ஒரு புடைப்பு, ஒரு வார்த்தைக்கு ஒரு புடைப்புன்னு வந்துருச்சு. எனக்கு வேலை எச்சாப் போச்சு. “ஏம்புள்ள, நல்லா மனப்பாடம் பண்ணிட்டு உக்காரக் கூடாதா? எளைச்சு எளைச்சுப் பேசறயே”ன்னு கேட்டேன். கோவத்துல இல்லீங்க, தொழில்ல சொல்றதுதான். அவ, “சரிங்க”ன்னா. அப்பறம் ஒரு நாள் மாடிக்குத் துணி காயப்போட பக்கெட்டைத் தூக்கிட்டு வாங்கன்னு என்னையக் கூப்புட்டா. முன்னெல்லாம் அவளே தூக்கிட்டு ஓடுவா. வெளிநாட்டுக்காரங்களோட பேசப் பேச ஒரு மெதப்பு வந்துருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். ஆனா தூக்கிக் குடுத்தேங்க. குடுக்காம என்ன?

அப்போதான் இந்த மாட்டு டாக்டரு. கிரஹாம்னு பேரு, நியூசிலாந்து. மாட்டுக்கு என்ன சீக்கு, என்ன வைத்தியம்னு பண்ணையக்காரங்களுக்குச் சொல்லி வீடியோ போடுவாரு. நல்ல மனுசன், ஆனா வீடியோ கன்றாவியா இருக்கும். நமக்கு நல்ல வேலைன்னு பட்டுச்சு. வசந்தாமணி அவரோட வீடியோவெல்லாம் பாத்துட்டு, “ஏனுங்க, இவரு மாட்டைத் தொடறதுக்கு முன்னாடி ரெண்டு கையையும் தேச்சு சூடு பண்ணிக்கறாரு பாத்தீங்களா”ன்னா. அதையேதான் அவருகிட்டயும் பேசினா. எங்க ஊரும் மாட்டுக்குப் பேர் போன ஊரு, ஆனா இப்படிக் கையைச் சூடு பண்ணிட்டுத் தொடறவங்களை நான் பாத்ததில்லேன்னு.

வசந்தாமணிங்கறது அவ பேருதாங்க. சொல்லலையா இன்னும்?

அந்த வீடியோவுலதான் பெசகு ஆயிருச்சு. அவ பேசி முடிச்சா. கேமராவை நிறுத்திட்டேன்னு நெனச்சுட்டா. நாற்காலியில அப்படியே சாஞ்சுட்டு, ஆபீஸ்ல மேனேஜரைக் கூப்புடற மாதிரி, “நாச்சிமுத்து சார், இன்னைக்கு இது போதுங்களா? மூச்சு வாங்குதுங்க சார்”ன்னா. சொல்லிட்டு சிரிச்சா. என்ற பேரைச் சொன்னாங்க தம்பி. கல்யாணம் பண்ணி வந்ததுல இருந்து அந்த ஒரு வாட்டிதான். நான் அதுக்கு ஏதோ சொன்னேன், என்னன்னு ஞாபகம் இல்ல. நல்லதாத்தான் ஏதாச்சும் சொல்லியிருப்பேன்.

அப்பறம் வெட்டினேன். ஆனா அனுப்பறப்ப வெட்டினதை அனுப்பறதுக்குப் பதிலா வெட்டாத ஃபைலை அனுப்பிட்டேன். முந்தானையைச் சரி பண்ணினது, எளைச்சது, சாஞ்சது, என்ற பேரைச் சொன்னது, நான் சொன்னது, எல்லாம் நியூசிலாந்துக்குப் போயிருச்சு. எனக்கு மானமே போச்சு. இத்தனை வருச மிக்சிங்ல இப்படி வெட்டாத பச்சை வீடியோவை நான் யாருக்கும் குடுத்ததில்ல.

அந்தாளு பதில் போட்டாரு. பெருசா எழுதியிருந்தாரு. அவ சமையக்கட்டுல இருந்தா, நானே போன்ல தமிழ் பண்ணிப் பாத்தேன். “உங்கள் காணொளியைப் பதிவிறக்கம் செய்து பலமுறை கேட்டேன். அதில் பேசும் பெண்மணியின் சுவாசத்தைக் கேட்டேன். தயவுசெய்து அவருடைய இதயத்தை யாரையாவது கேட்கச் சொல்லுங்கள்.” போன் அப்படித்தான் தமிழ் பண்ணுச்சு. இதயத்தைக் கேட்கச் சொல்லுங்கள்! சினிமாப் பாட்டாட்ட இருக்குதேன்னு சிரிச்சேன். அப்பறம் எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. வேலையைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போகலாமில்லீங்களா? மாட்டுக்கு ஊசி போடறவரு என்ற பொண்டாட்டிக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டாரு. அவ என்ன காங்கயம் மாடா? அவருக்கு வீடியோ அனுப்பின லிங்க்கை அப்பவே அழிச்சேன். ஒரிஜினலையும் அழிச்சேன். பதிலும் போடல.

நீங்க ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? நீங்களா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பீங்க. எவரோ ஒருத்தரு, மொகம் தெரியாதவரு.

அவ மட்டும் கேட்டுட்டே இருந்தா. “அந்த மாட்டு டாக்டரு பதில் போட்டாருங்களா?” இல்லேன்னேன். அவ மனசு சங்கடப்படக் கூடாதுன்னுதான். “நல்ல மனுசனாத் தெரிஞ்சுதே. என்ற பேச்சு புடிக்கலையாட்ட இருக்குது”ன்னு ஒரு மாதிரி ஆயிட்டா. பாருங்க, அதுக்கே அவளுக்கு வெசனம். அதைக் காட்டியிருந்தா இன்னும் எவ்வளவு வெசனப்பட்டிருப்பா.

பல்லடம் வந்துருச்சா? இந்தப் பாலத்துல எப்பவும் கூட்டந்தான்.

கார்த்திகை தீபத்துக்கு முன்னாலீங்க. தறி நின்னுச்சு. அவ நீலச் சேலை கட்டிட்டு வந்து உக்காந்தா. நான் ஓட விட்டேன். “ஹலோ”ன்னா. அதுக்கப்பறம் பேரு வரல. கேமராவைத்தான் பாத்துட்டு இருக்கறா, வாய் தொறந்தாப்புல இருக்குது, பேரு வரல. மறந்துட்டாளாக்கும்னு பின்னாடி இருந்து நான் எடுத்துக் குடுத்தேன். “மிஸஸ் ஹெலன்.” பேசல. “ஏம்புள்ள, மிஸஸ் ஹெலன், தறி போட்டுருவாங்க, சொல்லு”ன்னு மறுக்கா சொன்னேன். அப்படியே பக்கவாட்டுல சரிஞ்சா. நான் ஓடிப்போய்ப் புடிக்கறதுக்குள்ள... புடிச்சேன் தம்பி. தலை கீழ படாம புடிச்சேன். அதுல நான் பெசகு பண்ணல.

கோயம்புத்தூருக்குத்தான் கொண்டாந்தோம். டாக்டரு வெளிய வந்து, “இருதயத்துல வால்வு கெட்டிருக்குது. ரொம்ப நாளாவே மூச்சு வாங்கியிருக்குமே, கவனிக்கலையா?”ன்னாரு. இல்லீங்க டாக்டர், வாங்கலேன்னேன். நெசமாத்தான் சொன்னேன். போனை எடுத்து அவருக்கு வீடியோவெல்லாம் போட்டுக் காட்டினேன். “பாருங்க சார், இது போன மாசம் பேசினது. இது அதுக்கு முந்தினது. மடமடன்னு எப்படிப் பேசறா பாருங்க. ஒரு எடத்துல, ஒரே ஒரு எடத்துல மூச்சு வாங்குதான்னு சொல்லுங்க.” அவரு பாத்தாரு. என்ற மூஞ்சியைப் பாத்தாரு. தோளைத் தொட்டுட்டுப் போயிட்டாரு. அவராலயே ஒண்ணும் கண்டுபுடிக்க முடியலீங்க. அப்படி வெட்டியிருந்தேன்.

அன்னைக்குப் பொழுதோட போயிட்டா.

இப்போ வீட்டுல நான் மட்டுந்தான். எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க. கம்ப்யூட்டரைப் போட்டு அவ வீடியோவெல்லாம் பாக்கறேன். வெட்டி அனுப்பினதெல்லாம் இருக்குது, ஒண்ணும் அழியல. ஹலோ டேனியல், ஹலோ மிஸஸ் வுட், ஹலோ ஹலோன்னு மொகம் நெறைய சிரிச்சுப் பேசறா. ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்புடறா. அவங்க சன்னல், அவங்க பட்டன், அவங்க கை, எல்லாத்தையும் சொல்றா. என்னையப் பத்தியும் ஏதாச்சும் ஒண்ணு கவனிச்சிருப்பா இல்லீங்களா? ஒட்டுக்கா இருந்தவ. எனக்குன்னு ஒரு வார்த்தை பேசி வெக்கலையே தம்பி. அதுதான் எனக்கு அவமேல குறை. தமிழ்ல ஒரு வார்த்தை இல்லீங்க அத்தனையிலயும். ஒரே வீட்டுல இருக்கறவங்களுக்குள்ள போன்ல பேசி வெக்கறதுக்கும் ஒண்ணும் இல்ல. கல்யாண வீடியோ இருக்குது, அதுல மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் பாட்டுப் போட்டுட்டாங்க. அவ வாயசைக்கறது தெரியுது, என்ன சொல்றான்னு கேக்கல. யாரு மிக்சிங்னு கேக்காதீங்க.

அதுக்குத்தான் இந்த டிஸ்க்கைத் தூக்கிட்டு அலைஞ்சேன். அந்தப் பின்னாடி துண்டு ஒண்ணு. “ஏனுங்க, சரியா வந்துச்சுங்களா?” அது ஒண்ணு எங்காச்சும் ஒட்டிட்டு இருக்காதான்னு.

என்ன சொல்றீங்க? ஆருகிட்ட? கிரஹாம்கிட்டயா?

ஆமா, டவுன்லோட் பண்ணிக் கேட்டேன்னுதான் எழுதியிருந்தாரு. அவருகிட்ட இருக்கும்தான். எனக்கும் அது தோணாம இல்லீங்க. கடையை விட்டு வந்ததுல இருந்து மனசுல அதேதான் ஓடிட்டு இருக்குது. ஆனா எந்த மொகத்தை வெச்சுட்டுக் கேக்கறது? ஒரு பதில் போடலையே நானு. இத்தனை நாள் கழிச்சு... அழிச்சிருந்தாருன்னா? இல்லேன்னு சொல்லிட்டாருன்னா அப்பறம் நான் உலகத்துல எங்க போய்த் தேடறது? இப்போ இருக்குதுன்னாவது நெனச்சுட்டு இருக்கறேன்.

எழுதினா ஆரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அது எனக்குத் தெரியும். பேசித்தான் அனுப்போணும்.

தம்பி, ஒரு உதவி. இந்தாங்க, அவரு மெயில் ஐடியும் என்ற நம்பரும். உங்க போனையே புடிங்க. இப்படிக் குறுக்கால. சன்னல் வெளிச்சம் மூஞ்சியில விழுதுங்களா? டிஸ்க்கைக் கீழ வெச்சுக்கறேன். பஸ் சத்தம் கேட்டாக் கேட்டுட்டுப் போகுது. செவப்பு பட்டனை அமுத்துங்க. ஓடுதா?

ஹலோ கிரஹாம் சார்.

இதுக்கு மேல எனக்கு இங்கிலீஷ் வராதுங்க. தமிழ்ல பேசறேன், இந்தத் தம்பி இங்கிலீஷ்ல எழுதி ஒட்டுக்கா அனுப்புவாரு. நான் நாச்சிமுத்துங்க. வசந்தாமணி வீட்டுக்காரன். கேமராவுக்குப் பின்னாடி இருந்தவன்.

உங்களைப் பத்தி ஒண்ணு சொல்லோணும், அதான் மொறை. நீங்க மாட்டைத் தொடறதுக்கு முன்னாடி கையைத் தேச்சு சூடு பண்ணிக்கறீங்க. இது நான் பாத்தது இல்லீங்க. அவ பாத்தது. நான் பாத்ததுன்னு சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க சார்.

அவ போயிட்டாங்க. நீங்க எழுதினதை நான் அவகிட்டக் காட்டல. நல்ல மனுசனாத் தெரிஞ்சுதே, பதில் போடலையேன்னு உங்களை நெனச்சுட்டேதான் போனா. நீங்க பதில் போட்டீங்க. அது அவளுக்குத் தெரியாது.

அந்த வீடியோவை அழிக்காம வெச்சிருந்தீங்கன்னா அனுப்பிருங்க சார். வேலைக்குக் கேக்கல. வேலை வேண்டாம். கடைசியில அவ என்ற பேரைச் சொல்லுவா. அது வேணும். அதுக்கப்பறம் மூச்சு வாங்குதும்பா. அதுவும் வேணும். அப்பறம் நான் ஏதோ சொல்லுவேன். அது... அது என்னன்னு நான் கேக்கோணும் சார். என்ன சொன்னேன்னு கேக்கோணும்...

நிறுத்தாதீங்க தம்பி. ஓடட்டும். சித்தே இருங்க. கண்ணைத் துடைச்சுக்கறேன்.

ஆங்? வெள்ளகோவிலுங்களா? எறங்கறேன் கண்டக்டரே, சித்தே நில்லுங்க, எறங்கறேன்.

என்னங்க தம்பி? அழுததை மட்டும் வெட்டிட்டு அனுப்பலாம்ங்கறீங்களா? வேண்டாங்க. முன்னாடியும் வெட்டாதீங்க, பின்னாடியும் வெட்டாதீங்க. அப்படியே அனுப்பிருங்க. அவரு கேட்டுக்குவாரு.